செவலைக் கோழி இறகு பிடுங்கிய மார்கழி

கோழி கேள்வி கேட்டால் மனுசி பதில் சொல்லியே தீரவேண்டும் என்றிருந்த அந்தக் காலத்தில், கோழிகளுக்குக் குளிர்கால ஓய்வு என்பதே கிடையாது. அடைகாக்கும் நாளும் குஞ்சு வளர்க்கும் நாளும் போக, சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். அதை யாரும் பெரிதாக நினைக்கவும் இல்லை. கோழி என்றால் முட்டையிடும், அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் குருவம்மா என்பவள் ஒரு செவலைக் கோழி வளர்த்தாள். செவலைக்கு வாய் கொஞ்சம் நீளம்; ஆனால் சொன்ன சொல் தவறாது. ஒரு மார்கழியில் அது குஞ்சு பொரித்திருந்த நேரம், குருவம்மாவின் மகள் மாசாணி பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் படுத்திருந்தாள். பச்சை உடம்பு தேறவே இல்லை. எழுந்து உட்கார்ந்தாலே தலை சுற்றியது.

"செவலை, என் பிள்ளைக்கு முட்டை வேணும்டி" என்றாள் குருவம்மா.

"என் பிள்ளைகளைப் பாரு அக்கா, இன்னும் இறகுகூடச் சரியா முளைக்கல. கொஞ்சம் வளரட்டும், நீ கேக்காமலே இடுறேன்."

"அதுவரைக்கும் என் மக தாங்கமாட்டா."

அடையில் கிடக்கும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். உடம்புச் சூடு இறங்கி அடை தெளிந்துவிடும்; சில நாளில் மறுபடி முட்டைக்கு வரும். அது வெயில் காலத்து வைத்தியம். நம்ம குருவம்மா அதை மார்கழியில், அதுவும் பொழுது சாயும் நேரத்தில், குஞ்சுக்காரிக்குச் செய்தாள். செவலையைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் வயிறு நனைய முக்கி, குஞ்சுகளோடு சேர்த்துக் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போய்விட்டாள். பாவி மனுசி! மகள் நினைப்பில் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பனி இறங்கியது. குஞ்சுகள் தாயின் வயிற்றடியில் நுழைந்தன. அங்கே ஒரே ஈரம். "அம்மா, உள்ளயும் குளிருது, வெளியயும் குளிருது" என்று கத்தின. கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கத்துவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது.

செவலைக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? முதுகும் இறக்கையும்தான் காய்ந்திருந்தன. அலகைத் திருப்பி முதுகு இறகைக் கொத்தாகப் பிடுங்கியது. வலியில் கண் இருட்டியது. நிறுத்தவில்லை. பிடுங்கிப் பிடுங்கிக் குஞ்சுகளின்மேல் மூடியது.

காலையில் கூடையைத் தூக்கிய குருவம்மா அலறிவிட்டாள். "ஐயையோ! கீரி வந்து கடிச்சிருச்சா?"

"கீரி வரல, நீதான் வந்த" என்றது செவலை, வெற்று முதுகோடு நடுங்கிக்கொண்டே.

இறகுக் குவியலுக்குள்ளிருந்து குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. தலை தொங்கிய குஞ்சும் எட்டிப் பார்த்தது. குருவம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கும் பிள்ளைதானேடி உள்ள கிடக்கு!"

"தெரியும். அதான் உன்னைக் கொத்தாமப் பேசிக்கிட்டு இருக்கேன். நல்லாக் கேட்டுக்கோ. இறகு முளைக்கிறதும் முட்டை கட்டுறதும் இந்த ஒரு உடம்புலதான். ரெண்டையும் ஒண்ணா செய்ய எனக்கு ஏலாது. இனிமே பொழுது குறுகினா எங்களுக்கு இறகு, பொழுது நீண்டா உங்களுக்கு முட்டை."

"நீண்ட பிறகும் வராட்டி?"

"செவலை சொன்னா வரும். போய் உன் மகளுக்கு முருங்கைக்கீரை ஆக்கிக் கொடு."

குருவம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். மகளுக்குக் கீரையும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப்போட்டாள். செவலையை அடுப்போரம் வைத்துக் கம்பு இறைத்தாள். மாசாணி மெல்ல எழுந்து நடமாடினாள். தை போய் மாசி வந்தது, பொழுது நீண்டது. பளபளவென்று புது இறகோடு செவலை முட்டையிட்டுக் கொக்கரித்தது. அந்தச் சூடு ஆறாத முட்டையைக் குருவம்மா இரண்டு கையாலும் வாங்கினாள்.

அன்றைக்குப் பேசி முடித்த பேச்சுதான், இன்றைக்கும் கோழிகள் அதை மீறுவதில்லை. பொழுது குறுகினால் பழைய இறகை உதிர்த்து முட்டையை நிறுத்திவிடுகின்றன. அந்த நாளில் வெறுங்கூடையைப் பார்த்து, "சும்மா தின்னுட்டுத் திரியுது" என்று கோழியைத் திட்டாதீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்றிய உடம்பை அது திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறது.