விரல்ல மாட்டின தொப்பி

சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றேன், வயித்தெரிச்சல்னே வச்சுக்கோங்க. என் ஓரகத்தி செவந்தி, தங்கச்சி பிரசவத்துக்கு டெல்லிக்கு பிளேன்ல போனா. கைப்பையில கம்பளி நூலும், ஊசியிலேயே பாதி பின்னின குழந்தைத் தொப்பியும்.

ஏர்போர்ட்ல சோதனை அதிகாரி மீசையை முறுக்கினார். "ஊசி ஆயுதம். விட்டுட்டுப் போம்மா."

"சரிங்க சார். ஊசிய உருவினா அதுல இருக்கிற அம்பது நூல் கண்ணியும் அவுந்துரும். நான் நூல்ல கோத்து முடிக்கிறவரை உங்க விரல்ல மாட்டிப் பிடிச்சுக்கங்க."

பத்து விரலையும் நீட்டினார். இவ கண்ணிய எல்லாம் அந்த விரல்ல மாட்டிட்டு, நிதானமா ஒவ்வொண்ணா நூல்ல கோத்தா. பின்னாடி வரிசை கத்துது. பெரிய அதிகாரி வந்தார்.

"என்னய்யா, டூட்டியில தொப்பி பின்னுறியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. மீசைக்காரர் கெஞ்சினார்.

"ஊசியை எடுத்துக்கிட்டு என் விரலை விடும்மா!"

ஊரே அவ சாமர்த்தியத்தப் பேசுது. அவளுக்கு முதல் கண்ணி போடக் கத்துக்கொடுத்தது யாருன்னு கேட்டீங்கன்னா,

"ஏ மல்லிகா, புள்ள அழுவுது!"

இதோ வந்துட்டேன் அத்தை, அது வந்து நான்தா...