பல்லில்லாத பல் வைத்தியர்

மருத மரமெல்லாம் குனிஞ்சு தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்கிற ஒரு காடு. அந்தக் காட்டுக்குள்ள ஓடி வர்ற ஆறு, ஒரு வளைவுல வந்ததும் கொஞ்சம் கண்ணசந்துட்டுப் போலாம்னு நெனைச்ச மாதிரி ஒரு மடுவா நின்னுடும். பச்சைத் தண்ணி. காலைல அது மேல பனிப்புகை போர்வை மாதிரி கெடக்கும். அந்த மடுவுல வஞ்சின்னு ஒரு நீர்நாய் இருந்தா.

நல்ல நீச்சல்காரி. அவ தண்ணிக்குள்ள போனா தண்ணிக்கே தெரியாது. மீனையும் லபக்குன்னு பிடிச்சுடுவா. ஆனா பிடிச்ச மீன் வாயில நிக்காது! மேல்வரிசையில ரெண்டு கோரைப்பல்லு. ஒண்ணு தெருவைப் பாத்த வீடு மாதிரி வெளிய பாத்துக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு கோவிச்சுக்கிட்ட மாதிரி உள்ள திரும்பி நிக்கும். நடுவுல பெரிய சந்து. அந்தச் சந்து வழியா கெண்டை மீன் வழுக்கிக்கிட்டு, "வரேன்மா!"ன்னு போயிடும்.

தான் ஒருத்தின்னா இறாலைத் தின்னு காலத்தை ஓட்டியிருப்பா. இப்ப அவளுக்கு ஒரு குட்டி. பேரு சிட்டான். நீர்நாய்ங்க வழக்கம் என்னன்னா, அம்மாக்காரி மீனை உயிரோட கவ்விக்கிட்டு வந்து, கரையோரத் தண்ணியில குட்டி முன்னால விடணும். குட்டி துரத்திப் பிடிக்கணும். அப்படித்தான் அதுங்க தொழில் படிக்கும். ஐப்பசி வெள்ளம் வர்றதுக்குள்ள படிச்சாகணும். வெள்ளம் வந்தா தண்ணி காவியாக் கலங்கிடும். தானா பிடிக்கத் தெரியாத குட்டி பட்டினிதான். அப்படிப் பட்டினி கெடந்த குட்டிங்க எல்லாம் அடுத்த பனிக்காலத்தைப் பாத்ததில்ல.

வெள்ளத்துக்கு இன்னும் ரெண்டே மாசம். தினமும் வஞ்சி நடு மடுவுலேர்ந்து மீனோட கெளம்புவா. பாதி வழியிலயே மீன் நழுவி ஆழத்துக்குப் போயிடும். சிட்டான் கரையில உக்காந்து கேப்பான்: "அம்மா, இன்னிக்கும் தண்ணிதான் கொண்டு வந்தியா?"

வஞ்சி மறுபடியும் மடுவுக்குள்ள முங்கிடுவா.

நாச்சி அத்தைன்னு ஒரு கெழட்டு நீர்நாய், வஞ்சி புருஷனுக்கு அத்தை. பாறையில வெயில் காஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் பாப்பா. அவளுக்கும் பல்லு ஒழுங்கில்ல. தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும்.

"ஏன்டி, அந்தப் பல்லுக்கு ஒரு வைத்தியம் பாரேன்!"

"அதெல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு அத்தை. எனக்கு இனிமேயா?"

"நீ இனிமேயான்னு கேட்டா நான் என்னடி கேக்கறது? வா, நானும் வரேன். சாகறதுக்குள்ள ஒரு விராலையாவது தலையோட கடிச்சுப் பாக்கணும்!"

யார்கிட்ட போறது? அந்தக் காட்டுல ஒரு பழக்கம். எதுல கோளாறோ, அது யார்கிட்ட நெறைய இருக்கோ அவங்ககிட்ட போயிடுவாங்க. முடி கொட்டினா கரடிகிட்ட. காது மந்தமானா முயல்கிட்ட. ஒரு தடவை ஆமை கழுத்து வலின்னு கொக்குகிட்ட போச்சு. "கழுத்தை முழுசா நீட்டு, ஒத்தக் கால்ல நில்லு"ன்னு கொக்கு சொல்லுச்சு. ஆமை நின்னுச்சு. அடுத்த நிமிஷம் மல்லாக்க விழுந்துச்சு! மூணு நாள் அப்படியே கெடந்து மேகத்தைப் பாத்துக்கிட்டு இருந்துச்சாம். யானை ஒண்ணு வந்து புரட்டி விட்டப்ப, "கொஞ்சம் இரேன், அந்த மேகம் இப்பத்தான் மீன் மாதிரி ஆகுது"ன்னுச்சாம். அது கெடக்கட்டும். பல்லுன்னா யார்கிட்ட போவாங்க? வாய் நெறைய பல்லு வச்சிருக்கற முதலையார்கிட்டதான்!

முதலையார் மணல்திட்டுல வாயைத் திறந்து படுத்திருந்தாரு. வெயில் அவர் பல்லு ஒவ்வொண்ணுலயும் ஏறி எறங்கி வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. வஞ்சி பத்தடி தள்ளியே நின்னா.

"ஐயா, என் பல்லு..."

"பிடுங்கிடலாம்!" கண்ணைக்கூடத் திறக்கல.

"பாக்காமயேவா?"

"பாக்க என்ன இருக்கு? கோணப்பல்லைப் பிடுங்கினா பத்தே நாள்ல புதுப்பல்லு நேரா முளைக்கும். அப்புறம் நீ கெண்டை என்ன, விராலே பிடிப்ப!"

"எனக்கு?"ன்னா நாச்சி அத்தை.

"உனக்கு மொத்தமும் பிடுங்கணும்!"

"என் குட்டிக்கும் லேசா கோணலா இருக்கு."

"அதுக்கும் பிடுங்கு! எல்லா வாய்க்கும் ஒரே வைத்தியம்தான். என்னைப் பாரு. எத்தனை பல்லு விழுந்துச்சு! எல்லாம் திரும்பி வந்துச்சே!"

அவர் பொய் சொல்லல. முதலைக்கு விழுற பல்லு முளைக்கத்தான் செய்யும். உலகத்துல எல்லா வாயும் தன் வாய்தான்னு நெனைச்சிருந்தாரு, அவ்வளவுதான்.

பத்தே நாள்! வஞ்சிக்கு மனசு மெதக்க ஆரம்பிச்சுடுச்சு. கண்ணை மூடினா ஒரு கெண்டை அவ பல்லுக்கு நடுவுல அசையாம, நிலாத்துண்டு மாதிரி இருந்துச்சு. "நாளைக்குக் காலைல வந்துடறேங்கய்யா!"ன்னு சொல்லிட்டு வந்துட்டா.

மறுநாள் நல்ல பனிப்புகை. எது தண்ணி, எது வானம்னு தெரியல. வஞ்சியும் அத்தையும் சிட்டானும் கரையோரமா நடந்தாங்க. வழியில ஒரு கீரி தண்ணி மேல குனிஞ்சு, வாயை ஈன்னு வச்சு, தன்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"என்ன தம்பி, அழகு பாக்கறியா?"ன்னா அத்தை.

கீரி திரும்பல. "பல்லு முளைச்சிருக்கான்னு பாக்கறேன்."

"எந்தப் பல்லு?"ன்னா வஞ்சி.

"முன்பல்லு ரெண்டும். முதலையார் பிடுங்கினாரு. பத்து நாள்ல வரும்னாரு."

"எத்தனை நாளாச்சு?"

"மூணு மழைக்காலம் ஆச்சுக்கா." கீரி இன்னும் கொஞ்சம் கிட்டக்கக் குனிஞ்சுச்சு. "இன்னிக்கு ஏதோ வெள்ளையா தெரியுது பாருங்க!"

வஞ்சி எட்டிப் பாத்தா. தண்ணியில ஒரு பனிப்புகைத் துண்டுதான் தெரிஞ்சுச்சு. அவ காலு முதலையார் பக்கம் நகர மாட்டேன்னுடுச்சு.

"வேற யாராவது இருக்காங்களா தம்பி?"

"ஈச்ச மரத்துத் தூக்கணாங்குருவி, முயலோட பல்லைக் கட்டி நேராக்கிச்சாம். நான்தான் லேட்டா கேள்விப்பட்டேன்."

அத்தை பாறையில உருண்டு உருண்டு சிரிச்சா. "குருவியா? அதுக்குப் பல்லே கெடயாதேடி! மொட்டத்தலையன்கிட்ட சீப்பு வாங்கப் போறியா?"

ஆனாலும் போனாங்க.

ஈச்ச மரத்துல கூடுகள் எல்லாம் சுரைக்காய் மாதிரி தொங்கி, காத்துல மெதுவா ஆடிக்கிட்டு இருந்துச்சு. மஞ்சத்தலைக் குருவி ஒண்ணு தலைகீழா தொங்கிக்கிட்டு நாரைப் பின்னிக்கிட்டு இருந்துச்சு. இந்தக் குருவியோட பொறுமையைக் கேக்கணுமே! நாலு கூடு கட்டுச்சாம். நாலையும் அதோட பெஞ்சாதி சுத்திப் பாத்துட்டு, "வாசல் கோணல்"னு சொல்லிட்டுப் பறந்து போயிடுச்சாம். அஞ்சாவதுல, "ம்"னுச்சாம். அந்த ஒரு "ம்"முக்காக ஒரு பருவம் பூரா நாரை இழுத்து இழுத்துக் கட்டின குருவி அது.

வஞ்சி கேட்டா: "குருவியண்ணே, பத்து நாள்ல என் பல்லை நேராக்க முடியுமா?"

"முதல்ல காலைச் சாப்பாடு ஆச்சான்னு சொல்லு."

"ஏன்?"

"உன் வாய்க்குள்ள தலையை விடப்போறது நானு!"

வஞ்சி சிரிச்சுட்டா. வாய் மூடிக்காம இருக்க மரக்கொம்பு ஒண்ணைக் குறுக்க வச்சுக் கவ்விக்கிட்டா. குருவி உள்ள போயி ஒவ்வொரு பல்லா அலகால தட்டுச்சு. டக், டக், டக். ஈறை அமுக்கிப் பாத்துச்சு. கூட்டுக்குப் பூசற ஈரக்களிமண்ணைக் கொண்டாந்து, "கடி"ன்னுச்சு. களிமண்ணுல பதிஞ்ச பல்லைத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பாத்துச்சு. மூணு பேருக்கும் அப்படியே பண்ணுச்சு.

அப்புறம் சிட்டான்கிட்ட வந்துச்சு. "இவனுக்கு இப்ப ஒண்ணும் பண்ணக் கூடாது. இதெல்லாம் பால்பல்லு. விழுந்து முளைக்கறப்ப கூட்டிட்டு வா, எப்படி வருதுன்னு பாப்போம். தூங்கறப்ப வாலைச் சூப்பறானா?"

"ஆமாண்ணே!"

"அதை மட்டும் நிறுத்து. அதுலயே பாதிக் கோணல் வரும்."

"எனக்கு மொத்தமும் பிடுங்கிடணும்னு சொன்னாரு முதலையாரு"ன்னா அத்தை.

"ஒண்ணுகூட வேண்டாம். வயசு ஆனா என்ன, பல்லு நகரும். ஆனா உங்க ஈறு வீங்கியிருக்கு. ஒரு மாசம் வேப்பங்குச்சி மெல்லுங்க. ஈறு கெட்டியானா மெல்லிசு நார் கட்டலாம். மெதுவாத்தான் போகும்."

"எனக்கு?"ன்னா வஞ்சி.

"கட்டலாம். எப்படிக் கட்டறதுன்னு நீதான் சொல்லணும். பல்லுக்கு முன்னால கட்டினா எல்லாருக்கும் தெரியும், ஆனா வேலை சுளுவு. பின்னால கட்டினா தெரியாது, நாக்கைக் கொஞ்ச நாள் குத்தும். இல்லன்னா அரக்குல உறை பண்ணித் தரேன். மாட்டிக்கலாம், திங்கும்போது கழட்டிக்கலாம். ஆனா மறக்காம திரும்ப மாட்டணும். போன வருஷம் மரநாய் ஒண்ணு பலாப்பழம் திங்கறதுக்குக் கழட்டி கல்லு மேல வச்சுது. மழைத்தண்ணி ரொம்பி, தவளை அதுல முட்டை போட்டுடுச்சு! தலைப்பிரட்டையெல்லாம் பெருசாகற வரைக்கும் மரநாய் பக்கத்துலயே காவல் இருந்துச்சு. பல்லு பழையபடி போயிடுச்சு. நீ எப்படி, பொருளை எல்லாம் பத்திரமா வைப்பியா?"

"அவளா?"ன்னா அத்தை. "போன வாரம் புள்ளையையே எங்கயோ வச்சுட்டுத் தேடினா!"

"அப்ப முன்னாலயே கட்டிடுங்கண்ணே"ன்னா வஞ்சி. "எத்தனை நாளாகும்?"

"எட்டு பௌர்ணமி."

"ரெண்டு மாசத்துல வெள்ளம்ணே! அதுக்குள்ள என் புள்ள மீன் பிடிக்கப் படிக்கணும்!"

"தெரியுது தங்கச்சி. ஆனா ரெண்டு மாசத்துல முடியும்னு நான் சொன்னா அது பொய். பல்லை இழுக்கக் கூடாது, கூப்பிடணும். அது தூக்கத்துல நடக்கற மாதிரி மெதுவாத்தான் நடந்து வரும். வேகமா இழுத்தா வேரே ஆடிப்போகும். ரெண்டு மாசத்துல அந்தச் சந்து கொஞ்சம் குறுகும். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

கூடுகள் ஆடிக்கிட்டே இருந்துச்சு. கீழ புல்லுல அந்த முயல், கட்டு அவுத்த பல்லால கறுக் கறுக்குன்னு அருகம்புல்லைக் கத்தரிச்சுக்கிட்டு இருந்துச்சு. வஞ்சி முயலைப் பாத்தா. கீரியை நெனைச்சா. சிட்டானைப் பாத்தா.

"கட்டுங்கண்ணே."

ஓலையிலேர்ந்து கிழிச்ச நாரு, தலைமயிரைவிட மெல்லிசு. அதைப் பல்லு மேல ஓட்டி, அரக்கால ஒட்டிச்சு குருவி. முத மூணு நாள் வலி. நண்டு ஓட்டைக் கடிக்கவே கூடாதுன்னுடுச்சு. வஞ்சி புழுவும் குட்டி இறாலும் தின்னா. அமாவாசைக்கு அமாவாசை வந்து நாரை ஒரு மயிரிழை இறுக்கிக்கிட்டுப் போவா. தண்ணிக்குள்ள அவ நீந்தும்போது நாருல வெயில் பட்டு வாயில பொன்கோடு மாதிரி தெரியும். கெளுத்தி மீனெல்லாம் கேலி பண்ணும்: "வாயைத் தைச்சுட்டாங்க டோய்! இனி பயமில்ல!"

"சிரிங்க, சிரிங்க"ன்னுட்டு வஞ்சி போயிக்கிட்டே இருப்பா.

தினமும் மீனைக் கவ்வுவா, தினமும் நழுவும். ஆனா முன்னாடி நடு மடுவுலயே நழுவின மீன், ஒரு மாசம் கழிச்சு ஆலமர வேர்கிட்ட வந்து நழுவிச்சு. அப்புறம் தாமரை இலை வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் பத்து நாள் ஒரு முழம்கூட நகரல. மேற்கால மலை மேல மேகம் கறுத்துக்கிட்டே வந்துச்சு.

தண்ணி கலங்கறதுக்கு முந்தின நாள் காலைல, வஞ்சி ஒரு கெண்டையைக் கவ்வினா. வேர் தாண்டிச்சு. தாமரை தாண்டிச்சு. பல்லு வலிச்சுது. கண்ணை மூடிக்கிட்டு நீந்தினா. முழங்கால் ஆழத் தண்ணி வந்தப்ப, வயித்துல மணல் உரசினப்ப, மீன் துள்ளி நழுவிடுச்சு!

"போச்சே!"ன்னு கத்தினா வஞ்சி.

எங்க போகும்? அங்க ஆழமே இல்ல. சிட்டான் பாஞ்சான். தண்ணி சுழண்டுச்சு. ஒரு பக்கம் வால், ஒரு பக்கம் செதில், ஒரே வெள்ளி. கொஞ்ச நேரம் கழிச்சு மேல வந்தான். வாயில கெண்டை துடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"அம்மா! நீ சரியான எடத்துல விட்டுட்ட!"

வஞ்சி கரையில உக்காந்து அழுதா, சிரிச்சா, ரெண்டையும் ஒண்ணாவே பண்ணினா. மறுநாள் காவித் தண்ணி பெருகி வந்துச்சு. சிட்டான் அதுக்குள்ள முங்கி முங்கித் தன் வயித்தைத் தானே ரொப்பிக்கிட்டான்.

எட்டாம் பௌர்ணமிக்குக் குருவி நாரை அவுத்துச்சு. பல்லு ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு. "முடிஞ்சுதுன்னு நெனைக்காத. தூங்கறப்ப இந்த அரக்கு உறையைப் போட்டுக்கோ. இல்லன்னா பல்லுக்குப் பழைய வீட்டு ஞாபகம் வந்து நடந்து போயிடும்"னுச்சு. நாச்சி அத்தைக்கு இன்னும் அஞ்சு மாசம் பாக்கி இருந்துச்சு. "எனக்கு என்ன அவசரம், நான் சின்னப் பொண்ணுதானே!"ன்னு நாரைக் காட்டி எல்லார்கிட்டயும் இளிச்சுக்கிட்டுத் திரிஞ்சா.

வைத்தியருக்குன்னு போகும்போது, அவர்கிட்ட எத்தனை பல்லு மின்னுதுன்னு பாக்காதீங்க. நம்ம வாயைத் திறந்து பாக்கறாரா, அவங்கவங்களுக்கு ஏத்ததைச் சொல்றாரா, ஆகற காலத்தை மறைக்காம சொல்றாரான்னு பாத்துப் போங்க.