பந்தி எழும் நேரம்

மடத்துத் தலைவர் அடிகளுக்குக் கோபமே வராது என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அன்று அவருக்கு வந்த கோபத்தை மடமே பார்த்தது.

மடத்துப் பள்ளிக்கூடத்தை அவருடைய சீடன் அம்பலவாணன் நடத்திவந்தான். கெட்டிக்காரன்தான். தன் வகுப்பு மற்ற பள்ளிகளைவிட வேகமாகப் புத்தகத்தை முடித்துவிடும் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

காலையில் அங்காயி என்ற சிறுமியை, "உனக்கு மண்டையில ஏறாது, இனிமே வராதே" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மதியத்துக்குள் அவள் தாய் வெள்ளையம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அடிகள் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு இவ மாமன் வர்றாரு சாமி. படிக்கலைன்னா ஆடு மேய்க்கக் கூட்டிட்டுப் போறேங்கறாரு. நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?"

அடிகள் சிறுமியைப் பார்த்தார்.

"படிக்கப் பிடிக்கலையா உனக்கு?"

"பிடிக்கும் சாமி. நான் மூணாவது வரியில விரல் வச்சிருக்கும்போதே பக்கத்தைத் திருப்பச் சொல்லிடறாரு."

"வாத்தியார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். எல்லாரும் முடிச்சாச்சுன்னாரு."

அடிகள் அம்பலவாணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒரு பிள்ளைக்காக வகுப்பே காத்துக்கிட்டிருக்க முடியுமா சாமி? இவ எழுத்துக்கூட்டி ஒரு வரி படிக்கறதுக்குள்ள மத்த பிள்ளைங்க பாடத்தையே முடிச்சிடுதுங்க. ஏறாத படிப்பை எதுக்குத் திணிக்கணும்?"

அடிகளின் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. தாயையும் மகளையும் சாப்பிட வரச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அம்பலவாணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து தாடை உடைந்தவன். ஒரு கவளத்தை மென்று விழுங்க அவனுக்கு வெகுநேரம் ஆகும். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்பது மடத்து வழக்கம். அதனால் தினமும் பந்தி மொத்தமும் எச்சில் கை காய அவனுக்காக உட்கார்ந்திருக்கும். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. அவனும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அன்று மற்றவர்கள் மோர் சாதத்தை முடித்தபோது அவன் சாம்பார் சாதத்தில் பாதியில் இருந்தான். தலை இலையில் இருந்த அடிகள் எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் பந்தி எழுந்தாக வேண்டும். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே எழுந்தார்கள்.

"அந்த இலையை எடு" என்றார் அடிகள், பரிமாறுகிறவரிடம்.

"சாமி, நான் இன்னும் முடிக்கலை" என்றான் அம்பலவாணன்.

"எல்லாரும் முடிச்சாச்சு."

"நான் ரசத்துக்கே வரலையே."

"உனக்குச் சோறு இறங்காதுப்பா. இறங்காத சோத்தை எதுக்குத் திணிக்கணும்?"

அம்பலவாணன் இலையைக் கையால் மறித்துக்கொண்டான்.

"மெதுவா மெல்றது என் குத்தமா? எனக்கும் எல்லாரையும் மாதிரிதான் பசிக்குது. ஒருத்தன் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது பந்தி எழுந்தா அது அவனுக்குச் செய்யற அவமானம். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே சாமி?"

"நான்தான் சொன்னேன்." அடிகளின் குரல் கோபத்தில் நடுங்கியது. "மூணாவது வரியில விரலை வச்சுக்கிட்டு உன் பந்தியில ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்துச்சே. அது இலையை எடுத்தது யாரு?"

அம்பலவாணன் தலையைத் தொங்கப்போட்டான். இலையை எடுக்கக் குனிந்தவரும் அப்படியே நின்றார்.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். எதிர் வரிசையில் அங்காயி மட்டும் எழவில்லை. வழித்துச் சாப்பிட்ட இலைக்கு முன்னால், காய்ந்த கையை மடியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வெள்ளையம்மா அவள் தோளைத் தொட்டாள்.

"எந்திரி தாயி. பந்தி முடிஞ்சிருச்சு."

"வாத்தியார் இன்னும் சாப்பிடறாரும்மா" என்றாள் அங்காயி.

அம்பலவாணன் தலை நிமிரவேயில்லை. அடிகள் திரும்பி வந்து தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். பந்தியும் உட்கார்ந்தது. அவருடைய கோபம் இன்னும் தணியவில்லை. ஆனால் வெள்ளையம்மாவிடம் அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"நாளைக்கு இவ மாமன் வந்தா, பந்தி இன்னும் முடியலைன்னு சொல்லுங்கம்மா."