மாப்பிள்ளை ஏறிய பரிசல்

கொட்டாயூர் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் நல்லவர்கள். யார் எது சொன்னாலும் அப்படியே கேட்பார்கள். சிக்கலே அதுதான். மூத்தவன் வெள்ளியங்கிரி, நடுவன் செவந்தியப்பன், கடைசி மாதப்பன். மாதப்பனுக்கு மறுநாள் காலையில் கல்யாணம். பெண்வீடு ஆற்றோடு கீழே ஐந்து மைல்.

மலையில் பேய்மழை பெய்து, ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. தலையை நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகளெல்லாம் முங்கிவிட்டன.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் பரிசல்காரர் பசுவராஜு.

"நாளைக்குப் பார்த்தா, பொண்ணு வேற ஆளைப் பார்த்துடுமுங்க" என்றான் மாதப்பன்.

அவரும் மனமிரங்கி ஆளுக்கொரு துடுப்பைக் கொடுத்து, வட்டப் பரிசலில் முகத்துக்கு முகம் பார்க்க உட்காரவைத்தார்.

முதல் பாறையிலேயே பரிசல் எகிறியது. நீந்தத் தெரியாத மூவரும் உள்ளே இருந்தார்கள். பசுவராஜு மட்டும் தண்ணீரில் விழுந்தார். எப்படியோ கரையேறி, பரிசலோடு கூடவே ஓடினார்.

"இடப்பக்கம் போடுங்க" என்று கத்தினார்.

மூவரும் அவரவர் இடப்பக்கம் போட்டார்கள். பரிசல் பம்பரமாகச் சுற்றியது.

"யாரோட இடப்பக்கம்னு கேளுண்ணா" என்றான் மாதப்பன்.

"பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாதுடா" என்றான் வெள்ளியங்கிரி.

"கரையைப் பாருங்கடா, கரையை" என்று கத்தினார் பசுவராஜு.

துடுப்புகளை மடியில் வைத்துவிட்டுக் கரையைப் பார்த்தார்கள்.

"கரை நல்லாத்தான் இருக்கு. ஒரு இடத்துல நிக்கத்தான் மாட்டேங்குது" என்றான் செவந்தியப்பன்.

"நாம உத்துப் பார்க்குறோம்ல, கூச்சப்படுது" என்றான் வெள்ளியங்கிரி.

எதிரே ஆறு ஓராள் உயரத்துக்குக் கீழே விழுந்தது. மாதப்பன் மடியிலிருந்த தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

பசுவராஜு கரையிலிருந்தே கைகூப்பினார். "உங்களைக் கும்புட்டுக் கேக்கறேன், துடுப்பை எடுங்க."

கும்பிட்ட மனிதரைத் திருப்பிக் கும்பிடாமல் இருக்கலாமா? மூவரும் கைகூப்பி முடிப்பதற்குள் பரிசல் அந்தரத்தில் பறந்து, தண்ணீரில் அறைந்து, எங்கெங்கோ மோதி, கடைசியில் பெண்வீட்டுத் துறை மணலில் போய் ஒதுங்கியது. சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்த மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மதியம் பொண்ணு வேடியம்மாவோடு அதே பரிசலில் ஊர் திரும்பக் கிளம்பினார்கள்.

"பரிசலை நம்ம ஊரைப் பார்த்துத் திருப்பிட்டாப் போதும்" என்றான் வெள்ளியங்கிரி.

வட்டப் பரிசலுக்கு எது முன்பக்கம் என்று வெகுநேரம் யோசித்தார்கள். மாப்பிள்ளை உட்காரும் பக்கமே முன்பக்கம் என்று முடிவாயிற்று. அதன்படி திருப்பிவைத்து, ஏறி உட்கார்ந்து, தள்ளினார்கள். பரிசல் இன்னும் கீழே பறந்தது.

வேடியம்மா விளிம்பைப் பிடித்தபடி கேட்டாள்: "உங்க ஊரு மேல இருக்குன்னுதானே சொன்னீங்க?"

"பதறாதே. பரிசல் திரும்பிடுச்சு" என்றான் மாதப்பன். "ஆறுதான் இன்னும் திரும்பலை."