விசுவாசப் பட்டயம் வாங்கிய காத்தாயி

முன்னொரு காலத்திலே, மழை தவறினாலும் வரி தவறாத மேழியூர் நாட்டை அவசரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினாரோ, அவர் பேச்சுதான் அவனுக்கு வேதம். ஓதுவதற்கென்றே பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். மடைப்பள்ளி அதிகாரி சொக்கநாயகம்.

அவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். பெயர், விசுவாசப் பட்டயம். வருஷத்துக்கு ஒரு வெள்ளி நகை கொடுத்து ஒரு செப்புப் பட்டயம் வாங்கிக்கொண்டால் போதும். அவருடைய மைத்துனர் நடத்தும் சமையற்கூடத்திலிருந்து சோறு சுடச்சுட வாசலுக்கே வரும், சோற்றுக்குத்தான் காசு, சுமந்து வரும் கூலி கிடையாது. பட்டயத்தின் தலையில் ராஜாவின் முத்திரை. அந்த முத்திரையை நம்பித்தான் காத்தாயி ஏமாந்தாள்.

காத்தாயி சுண்ணாம்புச் சூளைக்காரி. பொழுது சாய்ந்து வீடு திரும்பும்போது கை இரண்டும் வெந்து கிடக்கும், அடுப்பு மூட்ட முடியாது. தெருமுனை இட்லிக் கடையும் மூடியிருக்கும். காலில் கிடந்த தண்டையைக் கழற்றிக் கொடுத்துப் பட்டயம் வாங்கினாள். முதல் நாளே சுமைக்காரன் அதைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினான். ஐந்து பேர் சாப்பாடு வாங்கினால்தான் கூலி இல்லையாம். மழை பெய்தால் ஆளே வராதாம். ஒண்டிக்கட்டை ஐந்து பேர் சோற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் குடித்துப் படுத்தாள்.

இந்த லட்சணத்தில், வீட்டுக்கு வீடு பட்டயம் கட்டாயமாகப் போகிறது என்று தண்டோரா வேறு போட்டார்கள். காத்தாயிக்கு வயிறு பற்றி எரிந்தது. நேரே அரண்மனைக்குப் போனாள்.

"இந்தத் தகட்டை வச்சுக்கிட்டு என் தண்டையைக் குடுங்க!"

சொக்கநாயகம் துள்ளி எழுந்தார். "மகாராஜா, பட்டயம் வேண்டாம் என்பவள் விசுவாசமே வேண்டாம் என்கிறாள். இது ராஜத் துரோகம்!"

"துரோகமா?" என்று ராஜா உடனே வாளைத் தொட்டான்.

காத்தாயி பல்லைக் கடித்துக் கோபத்தை விழுங்கிவிட்டு அதிகாரி பக்கம் திரும்பினாள். "ஐயா, இந்தப் பட்டயம் அவ்வளவு நல்லதுங்களா?"

"அமிர்தமடி, அமிர்தம்!"

"அப்ப நீங்களும் அனுபவிக்க வேண்டாமா? எங்க தெருவுல, என் பக்கத்து வீட்டுல மூணு நாள் தங்குங்க. யாருன்னு வாய் திறக்கக் கூடாது. என் பட்டயத்துல வர்ற சோறு மட்டுந்தான் சாப்பாடு. மூணாம் நாளும் அமிர்தம்னு சொன்னா நான் ஊரை விட்டே போயிடறேன். இல்லேன்னா, சனங்ககிட்ட வாங்கின நகை அத்தனையும் திரும்பணும்."

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் சோறு வேண்டாம். "பலே! நானும் மாறுவேடத்தில் வந்து பார்க்கிறேன்!" என்றான். தன் அமிர்தத்தைத் தானே சாப்பிடமாட்டேன் என்று சபையில் எப்படிச் சொல்வது? சொக்கநாயகம் வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினார்.

முதல் நாள் காலை சொக்கநாயகம் நாலு இட்லி கேட்டார். "ஒரு ஆளா? ஐஞ்சு பேருக்கு வாங்கு, இல்ல கூலியை எடு" என்றான் சுமைக்காரன். வேறு வழியில்லாமல் ஐந்து பேருக்குச் சொன்னார். உச்சிப் பொழுதுக்கு வந்தது. இட்லி கல்லாகியிருந்தது, சட்னி ஊசிப்போயிருந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஆள் வரவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அதிகாரி ஓட்டமாக ஓடினார். நாற்பதே அடி தூரத்தில் தெருமுனை இட்லிக் கடை. நின்றபடியே ஆறு இட்லியை விழுங்கினார். பக்கத்தில் கம்பளி போர்த்திய ஒருவன் கேட்டான்: "ஏன் ஓய், பட்டயம் இருந்தால் வாசலுக்கே வருமே?"

"நாசமாய்ப் போன பட்டயம்! அதை நம்பினவன் முட்டாள்!"

"அதில் முத்திரை வைத்தவன்?"

"அவன் முட்டாளுக்கெல்லாம் முட்டாள்!"

கம்பளி விலகியது. ராஜாவின் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. சொக்கநாயகத்தின் கையிலிருந்த ஏழாவது இட்லி சேற்றில் விழுந்தது. "இவன் நாக்கை அறுங்கள்!" என்று ராஜா கத்தினான்.

பின்னால் நின்ற காத்தாயி முன்னே வந்தாள். இத்தனை நாள் அடக்கிய கோபம் அவளுக்கு இப்போது அடங்கவில்லை. "எதுக்கு ராசா அறுக்கணும்? அந்த நாக்கு பொறந்ததுலேருந்து இன்னிக்குத்தான் உண்மை பேசியிருக்கு. நான் இந்த ஆளை நம்பியா தண்டையைக் கழட்டினேன்? உங்க முத்திரையை நம்பித்தானே!"

ராஜா தலை குனிந்தான்.

அன்றைக்கே தெருத் தெருவாக நகைகள் திரும்பின. வீடு வீடாகக் கூடை சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தவர் சொக்கநாயகம்தான், மழையோடு மழையாக. கூலி கிடையாது.

"உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றான் ராஜா.

"பக்கத்து வீடு காலியாவே இருக்கட்டும் ராசா. இனிமே எவன் திட்டம் கொண்டாந்தாலும், நீங்க முத்திரை வைக்கிறதுக்கு முன்னால அவன் அந்தத் திட்டத்தோட மூணு நாள் அங்க குடியிருக்கணும்."

ராஜா ஒப்புக்கொண்டான். மறுநாள் சபையில், புதுத் திட்டம் எழுதிய ஓலைச் சுவடியோடு வந்திருந்த பதினோரு அதிகாரிகள் சுவடியைக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்களாம்.