துரைக்கண்ணு துடைத்த லூப்

ரெபேக்காவிடம் இசை கற்க வந்தவர்களில் குருவைவிட வயதில் மூத்த சீடர் துரைக்கண்ணு ஒருவர்தான். மெல்லிசைக் குழுவில் வருஷக்கணக்காக டிரம்ஸ் வாசித்தவர். கம்ப்யூட்டரில் பாட்டு செய்யப் பழகுகிறேன் என்று அவளுடைய வளசரவாக்கம் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து மவுஸைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மூலையில் இருந்த டிரம்ஸ்மேல் ஒரு பெட்ஷீட்டும் அதன்மேல் அவருடைய ஹெல்மெட்டும் கிடந்தன.

ரெபேக்காவின் சொத்தெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. ஹிப் ஹாப், ஃபங்க் டிரம் லூப்கள். யாரோ எப்போதோ வாசித்ததில் நாலைந்து நொடியை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் அதுதான் லூப்.

அதில் ஒரு ஃபங்க் லூப் மட்டும் தனி ரகம். வாசித்தவர் பெயர் தெரியாது. வெட்டியெடுத்த கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. வியாசர்பாடி டயானா அதை இங்கே ஒருநாள் கேட்டுவிட்டு, தன் முதல் ராப் பாட்டை அதற்கென்றே எழுதியிருந்தாள். அந்தப் பாட்டுக்கு அன்று மாலை நாலு மணிக்கு ரெக்கார்டிங். துரைக்கண்ணு தனியாகப் பொறுப்பேற்ற முதல் பாட்டும் அதுதான்.

காலையில் லூப்பைப் போட்டுக் கேட்டவருக்குப் பகீரென்றது. ஒவ்வொரு சுற்றிலும் வாசித்தவரின் ஸ்டூல் கிறீச்சிட்டது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் அடி இம்மியளவு தாமதமாக விழுந்தது. முதல் பாட்டிலேயே நம் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்துபோனார். சோற்றை மறந்து உட்கார்ந்து கிறீச்சைத் துடைத்தார். ஸ்னேரை இழுத்துத் திரையில் தெரிந்த தாளக் கோட்டில் நிறுத்தினார். சேவ் செய்து, புரோகிராமை மூடிவிட்டு, நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

திரும்பி வந்து கேட்டபோது லூப் பளிச்சென்றிருந்தது. ஆனால் உயிரில்லை. சரி, பழையதையே போடுவோம் என்று தேடினார். பழையது இல்லை. மூலத்தின் மேலேயே சேவ் செய்திருந்தார்.

காப்பி எடுத்து வைக்கும்படி ரெபேக்கா எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். மனுஷர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டிருந்தார். இப்போது வாசலில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு ரெபேக்காவும் டயானாவும் வந்தார்கள். டயானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் தடுமாறினாள். மறுபடியும் அதே இடத்தில் தடுமாறி நிறுத்தினாள்.

"இன்னாண்ணா இது? அன்னிக்குக் கேட்டது இது இல்லியே. தலையே ஆட மாட்டேங்குது."

துரைக்கண்ணு ரெபேக்காவைப் பார்த்தார்.

"நல்லா இருக்கட்டும்னு துடைச்சேன் மேடம். அது மேலயே சேவ் பண்ணிட்டேன். போச்சு மேடம், எல்லாம் போச்சு."

ரெபேக்கா திட்டவில்லை. அவருக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எதைத் துடைச்சீங்கண்ணே?"

"ஸ்டூல் சத்தத்தை."

"எங்க வரும் அது?"

"நாலாவது அடிக்குக் கொஞ்சம் முன்னாடி. ரெண்டாவது சுத்துல இன்னும் பெருசா வரும். மனுஷன் உடம்பைச் சாய்ச்சு அடிக்கிறாரு போல."

"ஸ்னேர்?"

துரைக்கண்ணு தொடையில் தட்டிக் காட்டினார். திருப்தியில்லாமல் மறுபடி தட்டினார். வாயாலேயே கிறீச் சத்தத்தையும் போட்டுக் காட்டினார். டயானாவின் தலை ஆட ஆரம்பித்ததை அவர் கவனிக்கவில்லை.

ரெபேக்கா எழுந்து போய் ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். பெட்ஷீட்டை உருவினாள். மைக்கை இழுத்து டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"உக்காருங்க."

"மேடம், இந்த நேரத்துல விளையாடாதீங்க. டயானா பாட்டு இது. தப்பாப் போயிட்டா அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

"உக்காருங்கண்ணே."

உட்கார்ந்தார்.

"அந்த லூப்பே இப்ப என்கிட்ட இல்லையே மேடம். எதை வச்சு வாசிப்பேன்?"

ரெபேக்கா குச்சிகளை அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு வாசிச்சாரே, அவர்கிட்ட மட்டும் லூப் இருந்துச்சா?"