கிடங்குக்கு இரண்டு பானை மண்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குக் கிடங்குப் பைத்தியம் பிடித்தது. துறைமுகச் சாலையோரம் கப்பல் சரக்கெல்லாம் கொள்ளும்படி ஒரு கிடங்கு எழும்பியே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் பாட்டனார் போட்ட சட்டம் குறுக்கே நின்றது. நெல் முளைக்கும் மண்ணில் கிடங்கு கட்டக் கூடாது. சந்தேகம் வந்தால் அந்த மண்ணை ஒரு பானையில் எடுத்து, நெல் விதைத்து, ஒன்பது நாள் சபையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சாலையோரம் இரண்டே இடம்தான் இருந்தது. ஒன்று மந்திரி வல்லபராயரின் பாறைக்காடு. நடுவில் அவருடைய உல்லாச மாளிகை. மற்றது வேம்பாயி என்ற குடியானவப் பெண்ணும் நாற்பது குடும்பங்களும் உழுத வயல்.

"அரசே, அந்த வயல் தரிசு. மண் செத்துவிட்டது" என்றார் மந்திரி. வயல் மண் வந்தது. விதைக்க மந்திரி வீட்டிலிருந்தே நெல்லும் வந்தது. ஒன்பதாம் நாள் பார்த்தால், பானையில் ஒரு பச்சைகூட இல்லை!

வேம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி, போன தையிலகூட அறுத்தோமே! நாங்க எங்க போவோம்?"

"சட்டம் சட்டம்தான். பத்து நாளில் காலி செய்யுங்கள்" என்றார் ராஜா.

அரண்மனை விகடன் தாண்டவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பிறவிச் சந்தேகக்காரன். பெண்டாட்டி போட்ட சோற்றையே மோந்து பார்த்துவிட்டுத்தான் உண்பான். அதற்குத் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஊருக்கு ஒரு பிடி உப்புக்கூடத் தராத மனுஷர் விதைநெல் தருகிறாரே, எதற்கு? மூலையில் கிடந்த மிச்ச நெல்லில் ஒரு மணியை உரித்துக் கடித்தான். அடப்பாவி, இதுவா சங்கதி! ஆனால் இப்போது சொன்னால், 'நீதான் நெல்லை மாற்றினாய்' என்று மந்திரி இவன் தலையிலேயே கட்டிவிடுவாரே! அது அவர் வாயாலேயே வர வேண்டும்.

"அரசே, இவ்வளவு பெரிய நாட்டுக்கு ஒரு கிடங்கு போதுமா? இன்னொரு இடத்து மண்ணும் கொண்டுவருகிறேன். அதே நெல்லை மந்திரியாரே தம் கையால் விதைக்கட்டும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். மந்திரியோ பதறிப்போய், "எந்த இடத்து மண்?" என்று கேட்டார்.

"முளைத்தால் என்ன, முளைக்காவிட்டால் என்ன, ஒன்பதாம் நாள் சொல்கிறேன்."

மறுத்தால் நெல்லை ஆராய்வார்களே என்று பயந்து, மந்திரி பேசாமல் விதைத்தார்.

ஒன்பதாம் நாள் அந்தப் பானையும் மொட்டையாக இருந்தது.

"சட்டப்படி இடம் கிடைத்துவிட்டது, அரசே! கொத்தனார்கள் கயிறு கட்டிக் குச்சியும் அடித்துவிட்டார்கள்."

"பலே! எங்கே?"

"சித்திரையில் தாங்கள் பொன்னேர் பூட்டி உழுகிறீர்களே, அந்த வயலில்."

ராஜா துள்ளி எழுந்தார். "மூன்று போகம் விளையும் என் வயலா தரிசு? அப்படிச் சொன்னவன் தலை தங்காது!"

"நான் சொல்லவில்லை, அரசே. பானை சொல்கிறது. விதைத்தவர் இதோ நிற்கிறார்."

மந்திரி ராஜாவின் காலில் விழுந்தார். "அரசே, தங்கள் மண்ணில் குற்றமே இல்லை! அது... அது புழுங்கல் நெல். அவித்த நெல் எந்த மண்ணிலும் முளைக்காது!"



"வேம்பாயி மண்ணிலுமா, மந்திரியாரே?" என்றான் தாண்டவன்.

ராஜா மந்திரியை முறைத்தார், பானையைப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என் வயலிலேயே குச்சி அடித்தாயேடா, படவா! என்ன பரிசு வேண்டும், கேள்."

"கிடங்குதான், அரசே. பாறைக்காட்டில்."

அப்படியே கட்டினார்கள். மந்திரியின் மாளிகை வாசலில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வண்டிகள் கடகடத்தன. தாண்டவனுக்கு ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

தை பிறந்ததும் வேம்பாயி ஒரு மரக்கால் புதுநெல்லோடு தாண்டவன் வீட்டுக்கு வந்தாள். "எங்க வயல்ல விளைஞ்சதுங்க. சந்தேகமா இருந்தா கடிச்சுப் பாருங்க" என்று சிரித்தாள்.

தாண்டவன் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டான்.